பாரீஸ் போகும் பிள்ளைக்கு என்ன கட்டிக் கொடுத்தோம்?



மதுரையிலிருந்து மேலூர் சாலையில் ஒத்தக்கடைப் பக்கம் போகிறவர்கள் இரண்டு பெரிய வளாகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று 1965ல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி. மற்றொன்று 2004ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளை. யானைமலை அடிவாரத்துக்கே கல்வியும் சட்டமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் பிள்ளை படிப்பை முடித்தவுடன் காலம் காலமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டுதான். "கடைக்கு வருகிறாயா? சபுருக்குப் போகிறாயா?"

இப்போது மூன்றாவதாக ஒரு பேச்சு வரத் தொடங்கியிருக்கிறது. "அத்தா, நான் பிரான்சுக்குப் படிக்கப் போகிறேன்."

இது ஏதோ ஓரிரு வீடுகளின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2030க்குள் ஆண்டுக்கு 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது தங்கள் இலக்கு என்று பிரான்ஸ் அரசு 2023ல் அறிவித்தது. இரு நாட்டுப் பட்டங்களையும் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் 2018ல் கையெழுத்தாகிவிட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் கைக்கு எட்டாத செலவாகிவிட்ட நிலையில், பிரான்ஸ் பக்கம் பிள்ளைகள் திரும்புவது இயற்கைதான்.

இந்தப் பேச்சு எழுந்தவுடன் நம் வீட்டுத் திண்ணையில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒரு குரல் சொல்கிறது: "அது முக்காட்டைக் கழற்றச் சொல்லும் நாடு. அங்கே போனால் ஈமான் மிஞ்சாது." இன்னொரு குரல் சொல்கிறது: "ஏஜென்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். பணத்தை மட்டும் புரட்டுங்கள்."

முதல் குரல் பயத்தில் கதவைச் சாத்துகிறது. இரண்டாவது குரல் ஆசையில் கண்ணை மூடிக்கொள்கிறது. இரண்டுமே விசாரிக்காமல் பேசுகின்றன. ஒரு மூட்டை அரிசி வாங்கினாலும் குத்தூசி போட்டு உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கிற வியாபாரிகள் நாம். பிள்ளையின் ஐந்து ஆண்டுகளைக் கொடுத்து வாங்கும் சரக்கை மட்டும் பார்க்காமல் வாங்கலாமா?

முன்னே நடந்தவர்கள்

பிரான்சுக்குப் படிக்கப் போன முதல் முஸ்லிம் நம் பிள்ளை அல்ல. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே, 1826ல், எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலி ஒரு மாணவர் குழுவைப் பாரீசுக்கு அனுப்பினார். அவர்களுக்கு இமாமாக அனுப்பப்பட்டவர் அல்அஸ்ஹரில் ஓதிய இளைஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. தொழ வைப்பதுதான் அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. படிக்கும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய நாட்களிலேயே பிரெஞ்சு எழுத்துகளைக் கற்கத் தொடங்கிவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து மேசையில் வைத்து முள்கரண்டியால் சாப்பிடுவது, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த காப்பிக் கடை, தெருவின் ஒழுங்கு என்று வந்த புதிதில் கண்ட ஒவ்வொன்றையும் வியப்போடு குறித்து வைத்தார். பிடித்ததைப் பிடித்தது என்றும் மார்க்கத்துக்கு ஒவ்வாததை ஒவ்வாதது என்றும் எழுதினார். 1831ல் ஊர் திரும்பி, 1834ல் அந்த அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 1835ல் கெய்ரோவில் மொழிகளுக்கான கல்விக்கூடம் அவர் முயற்சியில் எழுந்தது. இமாமாகப் போனவர் ஒரு தலைமுறைக்கே ஆசிரியராகத் திரும்பினார்!

அடுத்து, கண்பார்வை இல்லாத தாஹா ஹுசைன். 1914ல் பிரான்சின் மான்பெலியே நகருக்குப் போனார். போர்க்காலப் பண நெருக்கடியால் எகிப்தியப் பல்கலைக்கழகம் மறு ஆண்டே மாணவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மீண்டும் போய் சோர்போனில் சேர்ந்து, இப்னு கல்தூனைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். பின்னாளில் அவர் எழுதிய சில கருத்துகளை உலமாக்கள் கடுமையாக மறுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாமவர் நம் நாட்டவர். ஹைதராபாத்தில் 1908ல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். சென்னையில் பெயர் பெற்ற ஆலிம்கள் குடும்பத்தின் வழித்தோன்றல். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, ஜெர்மனியின் பான் நகரில் ஒரு டாக்டர் பட்டமும் பாரீஸ் சோர்போனில் இன்னொரு டாக்டர் பட்டமும் 1930களில் பெற்றார். 1948க்குப் பிறகு பாரீஸிலேயே தங்கினார். 1959ல் அவருடைய பிரெஞ்சுக் குர்ஆன் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பிரான்சின் தேசிய ஆராய்ச்சி மையத்தில் 1954 முதல் 1978 வரை பணி செய்தார். படிக்க வரும் முஸ்லிம் மாணவர்களுக்காக 1963ல் சங்கம் அமைத்ததில் முன்னின்றார். 2002ல் வஃபாத்தானார். கடைசி வரை எளிய வாழ்க்கை வாழ்ந்தவர் என்று அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

சிந்தியுங்கள். அதே நாடு. அதே பல்கலைக்கழகம். ஒருவர் உலமாக்களின் மறுப்புக்கு ஆளானார். இன்னொருவர் குர்ஆனைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுபோனார். ஆக, முடிவு செய்வது ஊர் அல்ல. போகிறவர் எதைக் கொண்டுபோனார், போன இடத்தில் யாரோடு சேர்ந்தார் என்பதே முடிவு செய்கிறது.

முதல் மூன்று மாதம்

இளைஞனே! விமானம் ஏறுவது வரைதான் எல்லோரும் பேசுகிறார்கள். இறங்கிய பிறகு வருவதைக் கேள்.

நீ போய்ச் சேர்வது பெரும்பாலும் செப்டம்பர் மாதம். உன் மாணவர் விசாவை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். தவறினால் நீ சட்டப்படி தங்கியிருப்பவன் அல்ல. பல்கலைக்கழகத்தில் சேரும் முன் மாணவர் நலக் கட்டணம் ஒன்று உண்டு. 2018ல் 90 யூரோவில் தொடங்கிய அது பிறகு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். வங்கிக் கணக்குக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரர் ஜாமீன்தாரர் கேட்பார். யானைமலை அடிவாரத்தில் இருக்கும் உன் அத்தா அங்கே ஜாமீன் நிற்க முடியுமா? இளைஞர்களுக்கு "விசால்" என்ற பெயரில் இலவச ஜாமீன் திட்டம் அந்த நாட்டில் இருக்கிறது. ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் எத்தனை பேர்!

அடுத்தது மொழி. "பாடம் ஆங்கிலத்தில்தானே" என்பார்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். மருத்துவர், வங்கி, அரசு அலுவலகம், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் பிரெஞ்சில்தான். பகுதி நேர வேலைக்கும் பிரெஞ்சுதான் முதல் தகுதி. அங்கே கடைக்குள் நுழைகிற வாடிக்கையாளர்தான் முதலில் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். சொல்லாமல் "இது என்ன விலை" என்று கேட்டால் மரியாதை தெரியாதவன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ, நீங்கள் என்று நம் மொழியில் இருக்கிற வித்தியாசம் அவர்கள் மொழியிலும் உண்டு. ஆசிரியரை "நீ" என்று அழைத்துவிடாதே.

மார்க் பட்டியல் வந்தால் மயங்கி விழாதே. அங்கே மொத்தம் 20. பத்து வாங்கினால் தேர்ச்சி. பன்னிரண்டு பரவாயில்லை. பதினான்கு நன்று. பதினாறு மிக நன்று. இங்கே 95 வாங்கிப் பழகிய பிள்ளை 11 வாங்கியதும் தோற்றுவிட்டோம் என்று அறைக்குள் அடைந்துகொள்கிறான். அத்தாமார்களே, "வெறும் பதினொன்றா?" என்று தொலைபேசியில் அதட்டாதீர்கள். கணக்கைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

தொழுகை நேரம் உன்னைத் திகைக்க வைக்கும். மதுரையில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்தான். பாரீஸில் டிசம்பர் மாதப் பகல் எட்டே கால் மணி நேரம். லுஹரும் அஸரும் மஃக்ரிபும் நாலு மணி நேரத்துக்குள் வந்து போய்விடும். அதுவும் வகுப்பு நடக்கும் நேரத்தில். ஜூனிலோ சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும். இஷா நள்ளிரவை நெருங்கும். அரசுப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் தொழுகை அறையை எதிர்பார்க்க முடியாது. பெருநாளுக்கு விடுமுறையும் இல்லை. ஆனால் சோர்போனின் ஜூசியூ வளாகத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் பாரீஸ் பெரிய பள்ளிவாசல். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் சிப்பாய்களின் நினைவாக, அரசின் நிதியுதவியோடு கட்டப்பட்டு 1926ல் திறக்கப்பட்டது. அந்த மண்ணில் நாம் விருந்தாளியாக மட்டும் இல்லை. விலை கொடுத்தவர்களாகவும் இருக்கிறோம்.

ஹலால் கறிக்கடைகள் தாராளமாக உண்டு. பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள். பன்றிக்கும் ஜெலட்டினுக்கும் மதுவுக்கும் பிரெஞ்சில் என்ன சொல் என்பதை விமானம் ஏறும் முன்பே மனப்பாடம் செய்துவிடு. விருந்தில் கோப்பையை நீட்டினால் "நான் குடிப்பதில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல். யாரும் உன் கழுத்தைப் பிடித்து ஊற்ற மாட்டார்கள். நாக்கு நம் சோற்றுக்கு ஏங்கினால் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷாப்பல் பகுதிக்குப் போ. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் ஒரு கடைத்தெருவையே அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். காரைக்கால், புதுச்சேரி முஸ்லிம்களும் பிரான்சில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 1962ல் அந்த ஊர்கள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்களைத் தேடிப் போய் ஸலாம் சொல்.

ஹிஜாப்: சட்டம் என்ன சொல்கிறது?

நம் பெண் பிள்ளைகளின் படிப்பையே நிறுத்தும் கேள்வி இது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1905ல் பிரான்ஸ் அரசும் மதமும் பிரிக்கப்பட்டன. அந்தக் கொள்கையைக் காட்டி, 2004 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் மாணவர்கள் வெளிப்படையான மத அடையாளங்களை அணியக் கூடாது என்றது. முக்காடு மட்டுமல்ல, சீக்கியச் சிறுவர்களின் தலைப்பாகையும் அதில் அடிபட்டது. 2010ல் முகத்தை முழுவதும் மூடுவதைப் பொது இடங்களில் தடை செய்தார்கள். மீறினால் 150 யூரோ வரை அபராதம். 2023ல் பள்ளிக்கூடங்களில் அபாயா அணியவும் தடை போட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சிறுமியின் உடையைச் சட்டம் போட்டு அளக்கிற இந்த வேலையை நாம் நியாயம் என்று சொல்ல மாட்டோம். அநியாயம்தான்.

ஆனால் கவனியுங்கள். 2004 சட்டமும் 2023 தடையும் பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான். பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தாது. பிரான்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி தலையை மறைத்து வகுப்பில் உட்காரலாம். அது அவளுடைய சட்டப்படியான உரிமை. அதே மாணவி ஆராய்ச்சி செய்துகொண்டே அங்கே பாடம் நடத்தும் பணியும் ஏற்றால், அரசு ஊழியருக்குரிய விதி வரும், மறைக்க முடியாது. குடியிருப்பு அட்டைக்குத் தலை மறைக்காத புகைப்படம் கேட்கிறார்கள். நிகாப் அணிகிறவர் தெருவிலேயே நடக்க முடியாது. இவையெல்லாம் உண்மையான சங்கடங்கள்.

இந்தச் சங்கடங்களைத் தெரிந்துகொண்டு ஒரு சகோதரி "எனக்கு வேண்டாம்" என்றால் அது அவருடைய தீர்மானம், மதிக்க வேண்டும். ஆனால் "அங்கே முக்காடு போட்டுப் படிக்கவே முடியாதாம்" என்ற பாதி செய்தியை வைத்துக்கொண்டு, மார்க் வாங்கிய மகளை வீட்டில் உட்கார வைப்பது எந்த நியாயம்? மகனுக்குப் பிரான்சில் ஈமான் ஆபத்து என்று நாம் இவ்வளவு கவலைப்பட்டதுண்டா? கேட்டுப் பார்ப்போம்.

வட்டிக்கு விற்கும் கனவு

இனி வியாபாரிகளுக்கு நன்றாகப் புரியும் விஷயத்துக்கு வருவோம். பணம்.

பிரான்சில் அரசுப் பல்கலைக்கழகம் வேறு, தனியார் நிர்வாகக் கல்லூரி வேறு. அரசுப் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு 2019ல் தனிக் கட்டணம் கொண்டுவந்தார்கள். இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 யூரோ. அதே முதுநிலைக்கு ஐரோப்பிய மாணவர் அன்று கட்டியது 243 யூரோ. பாரபட்சம்தான். பிறகு இந்தத் தொகை சற்று உயர்ந்திருக்கிறது. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று தோராயமாகப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய நாலு லட்சம் ரூபாய் ஆகும். சில பல்கலைக்கழகங்கள் விலக்கும் அளித்திருக்கின்றன. நேராக எழுதிக் கேட்டால் தெரியும். தனியார் நிர்வாகக் கல்லூரிகளிலோ ஆண்டுக்கு 10,000 யூரோவுக்கு மேல் கேட்பது சாதாரணம்.

ஏஜென்ட் உங்களை எங்கே அனுப்புவார்? எந்த இடம் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறதோ அங்கேதான். கமிஷன் மண்டி நடத்துகிறவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஆகவே முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "இந்தப் பட்டம் பிரான்ஸ் அரசு வழங்கும் தேசியப் பட்டமா, அல்லது அரசின் தொழில் தகுதிப் பட்டியலில் பதிவான வெறும் சான்றிதழா?" இரண்டும் ஒன்றல்ல. பின்னது இருந்தால் ஆராய்ச்சிப் படிப்புக்கோ, இங்கே அரசு வேலைக்கோ போகும்போது கதவு மூடப்படலாம்.

இரண்டாவது, செலவு. விசாவுக்கு மாதம் 615 யூரோ கையிருப்பு காட்டுவது என்பதே நீண்ட காலம் அளவாக இருந்தது. பாரீஸில் அது பல நேரம் வாடகைக்கே போதாது. மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். "வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம்" என்பவர் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. பாரீஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் வெளியூர்களைப் பாருங்கள். நம் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படித்த பிள்ளைக்கு மான்பெலியே நகரைவிடப் பொருத்தமான ஊர் ஏது? வேளாண் ஆராய்ச்சிக்குப் பேர் போன நகரம் அது. இப்னு சீனாவின் மருத்துவ நூலை ஒரு காலத்தில் பாடமாக வைத்திருந்த பல்கலைக்கழக நகரமும் அதுவே. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் அது படிப்பு மட்டுமல்ல, மாதச் சம்பளம் தரும் வேலை. சார்பாக், ஐஃபெல் போன்ற பிரான்ஸ் அரசு உதவித்தொகைகளும் இருக்கின்றன. ஐஃபெலுக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சேரும் கல்லூரிதான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே ஓராண்டுக்கு முன்பே எழுதத் தொடங்க வேண்டும்.

மூன்றாவதுதான் நெஞ்சைச் சுடுகிற விஷயம். வங்கிக் கடன் என்றால் வட்டி. வட்டி ஹராம் என்று பயப்படுகிற பிள்ளை என்ன செய்வான்? வெளிநாட்டில் படிக்கும் சிறுபான்மை மாணவர்களின் கடன் வட்டிக்கு மானியம் கொடுத்த "படோ பர்தேஷ்" திட்டத்தை மத்திய அரசு 2022ல் நிறுத்திவிட்டது. அதே டிசம்பரில் மவுலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையும் நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அதைக் கண்டித்துப் பேச வேண்டும், பேசுவோம். ஆனால் அரசை மட்டும் கண்டித்துவிட்டு நாம் சும்மா இருந்தால் அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டுவிடுமா?

வியாபாரிகளே, உங்களிடம்தான் கேட்கிறோம்

ஒரு நிக்காஹ் விருந்துக்கு எத்தனை ஆடு அறுக்கிறோம்? எத்தனை வகை பரிமாறுகிறோம்? மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் ஒரே நாளில் கரையும் பணத்தில் ஒரு பிள்ளையின் ஓராண்டு பிரான்ஸ் படிப்பு முடிந்துவிடும். இது வெறும் பேச்சல்ல. மேலே சொன்ன கட்டணத்தை உங்கள் மண்டப ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாம் தர்மம் கேட்கவில்லை. கர்ளன் ஹஸனா, அழகிய கடன் கேட்கிறோம். வட்டியில்லாமல் கொடுங்கள். எழுதி வாங்கிக் கொடுங்கள். சாட்சி வைத்துக் கொடுங்கள். படித்து முடித்து வேலையில் சேர்ந்த பின் தவணையாகத் திரும்ப வரட்டும். வந்த பணம் அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். ஒரே முதல், பல தலைமுறைக்குச் சுழலும். பத்துக் கடைக்காரர்கள் ஒன்று சேர்ந்தால் ஒரு முஹல்லாவில் ஆண்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்ப முடியாதா?

ஜமாஅத் நிர்வாகிகள் செய்யக்கூடியதும் உண்டு. ஊரில் பிரெஞ்சு கற்றுக்கொடுக்க ஒருவரை அமர்த்துங்கள். இயலாவிட்டால் புதுச்சேரி, சென்னை அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்களில் சேரும் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுங்கள். விமானச் செலவுக்கு முன் மொழிச் செலவு. இது முக்கியம். மொழி தெரிந்தவனுக்குக் கதவுகள் திறக்கின்றன. தெரியாதவன் ஏஜென்டின் கையைத்தான் பிடிக்கிறான். அங்கிருந்து வரும் விளம்பரங்களைச் சரிபார்க்க, பிரான்ஸ் அரசின் கேம்பஸ் பிரான்ஸ் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்க ஒரு படித்த இளைஞரைப் பொறுப்பாக்குங்கள்.

இளைஞனே, உனக்கும் ஒரு வார்த்தை. சமுதாயத்தின் பணத்தில் போனவனுக்குச் சமுதாயத்தின் கணக்கு உண்டு. வாங்கிய கடனைத் திருப்பு. நீ பட்ட சிரமங்களை எழுதி அனுப்பு. எந்தப் பல்கலைக்கழகம் விலக்குத் தருகிறது, எந்த ஊரில் வாடகை குறைவு, எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்கிறார்கள் என்று உனக்குப் பின்னால் வருகிறவனுக்குச் சொல். தஹ்தாவி செய்தது அதைத்தான். அவர் எழுதி வைத்ததால்தான் அவருக்குப் பின்னால் போனவர்களுக்கு இருட்டு குறைந்தது.

கடைக்கு வருகிறாயா, சபுருக்குப் போகிறாயா என்ற கேள்விகளோடு நம் தகப்பன்மார்களின் காலம் ஓடிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சம்பாத்தியத்தில்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம். ஆனால் இந்த ஆண்டு உங்கள் முஹல்லாவில் ஒரு பிள்ளை, ஆணோ பெண்ணோ, "நான் பிரான்சுக்குப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், பயமுறுத்தவும் வேண்டாம், ஏஜென்டிடம் பிடித்துக் கொடுக்கவும் வேண்டாம். உட்கார வைத்து, கட்டணச் சீட்டையும் சட்டத்தையும் மொழிப் பாடத்தையும் முன்னால் வைத்துப் பேசுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பத்துப் பேர் உட்கார்ந்து, அழகிய கடனுக்கான முதல் தொகையை ஒரு நோட்டில் எழுதி ஆரம்பியுங்கள். மற்றதை அல்லாஹ் எளிதாக்குவான், இன்ஷா அல்லாஹ்.